கிணற்றுக்குள் வாளி கனக்கவில்லை, மேலே வந்ததும் கனக்கிறது: ஏன்?

கிணற்றடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த விடுமுறைக்கு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே இன்னும் இறைக்கிற கிணறு இருக்கிறது. சகடை, கயிறு, இரும்பு வாளி எல்லாம் அப்படியே. அவள் முதல் தடவையாகத் தண்ணீர் இறைத்தாள். நாலைந்து வாளி இறைத்த பிறகு வந்து கேட்டாள்: "அம்மா, வாளி தண்ணீருக்குள்ளேயே நிறைந்துவிடுகிறது. அப்போது கையில் கனமே இல்லை. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும்தான் இழுக்கிறது. உள்ளே இருப்பது அதே தண்ணீர்தானே?"

சின்ன வயதில் அந்தக் கிணற்றில் நான் எத்தனை ஆயிரம் வாளி இறைத்திருப்பேனோ தெரியாது. என் கைக்கு இது தெரியும். ஆனால் ஒருநாளும் ஏன் என்று நினைத்ததில்லை. "தண்ணீர் தாங்குகிறது" என்று சொன்னேன். "எதை வைத்துத் தாங்குகிறது, அதற்குக் கை இருக்கிறதா?" என்றாள். பாடப்புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். அடர்த்தி குறைந்தது மிதக்கும், கூடியது மூழ்கும் என்று போட்டிருக்கிறது. அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

---

கேள்விக்குறி எழுதியது:

அக்கா, இது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை இடம்பெயர்க்கிறதோ, அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். ஆழம் போகப் போக அழுத்தம் கூடும் இல்லையா, அதனால் கிணற்றின் அடியில் வாளி இன்னும் லேசாக இருக்கும்.

---

கிணற்றடி எழுதியது:

நன்றி தம்பி. நீங்கள் சொன்ன விதியை அப்படியே சொன்னேன். "ஏன் சரியாகச் சமம்? தற்செயலா?" என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது.

---

கரும்பலகை எழுதியது:

அம்மா, முப்பது வருடம் இந்தப் பாடம் நடத்தியிருக்கிறேன். அடர்த்தி என்ற சொல்லில் தொடங்கினால் பிள்ளைகள் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். உங்கள் மகள் கேட்டதை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் நான் பொருளை மறந்துவிட்டு வெறும் தண்ணீரிலிருந்து தொடங்குவேன்.

கிணற்றுத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அதன் நடுவில் ஒரு வாளி அளவுத் தண்ணீரை மட்டும் மனதில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாளி ஒன்பது லிட்டர் என்றால் அந்தத் தண்ணீர் 9 கிலோ. இவ்வளவு எடை ஏன் கீழே விழாமல் நடுவில் நிற்கிறது? சுற்றியிருக்கும் தண்ணீர் தாங்குகிறது, வேறு ஆள் கிடையாது. எவ்வளவு தாங்குகிறது? கூடத் தாங்கினால் அது மேலே ஏறும். குறைவாகத் தாங்கினால் இறங்கும். இரண்டும் நடக்கவில்லை. அப்படியானால் சரியாக 9 கிலோ.

இப்போது அந்த ஒன்பது லிட்டரை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே வடிவத்தில் ஒரு கருங்கல்லை வையுங்கள். சுற்றியிருக்கும் தண்ணீருக்கு உள்ளே கல் வந்ததும் தெரியாது, கட்டை வந்ததும் தெரியாது. முன்பு எப்படித் தள்ளியதோ அப்படியே தள்ளும், அதே 9 கிலோ. கல்லின் எடை சுமார் 24 கிலோ. 15 கிலோ மிஞ்சுகிறது, அதனால் மூழ்கும். கல்லுக்குப் பதில் 6 கிலோ கட்டையை வைத்தால் 3 கிலோ அளவுக்கு மேலே தள்ளப்படும். அது ஏறி, தலையை வெளியே நீட்டி, உள்ளே இருக்கிற பாகம் மட்டும் 6 கிலோ தண்ணீரின் இடத்தைப் பிடித்திருக்கும் நிலையில் நின்றுவிடும். தற்செயல் எதுவும் இல்லை. அந்த இடத்தில் முன்பு இருந்த தண்ணீரைத் தாங்கிய விசைதான் இப்போது வந்திருப்பதையும் தாங்குகிறது.

இனி வாளிக்கு வாருங்கள். வாளிக்குள் இருக்கும் தண்ணீர் தன் சொந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றுத் தண்ணீர் முழுசாகத் தாங்கிவிடும். கைக்கு வருவது இரும்பின் எடை மட்டும். அதிலும் ஒரு பங்கு கழியும். இரும்பு தண்ணீரைப்போல் ஏறக்குறைய 7.8 மடங்கு கனம், ஆகவே எட்டில் ஒரு பங்கு கழியும் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே வந்ததும் சுற்றி இருப்பது காற்று. தண்ணீரைத் தாங்க அதனால் முடியாது. அந்த ஒன்பது கிலோவும் உங்கள் மகளின் கைக்கு வந்துவிடுகிறது.

"அதற்குக் கை இருக்கிறதா" என்றாளே, அதற்கும் பதில் உண்டு. தண்ணீர் எல்லாப் பக்கமும் அழுத்தும், ஆழத்தில் கூடுதலாக அழுத்தும். ஒரு சென்டிமீட்டர் கீழே போனால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒரு கிராம் எடை அளவுக்கு அழுத்தம் கூடும். அடிப்பரப்பு 400 சதுர சென்டிமீட்டர், உயரம் 22.5 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டியை மூழ்க வையுங்கள். மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 22.5 கிராம் கூடுதல் தள்ளல். 400 தடவை போட்டால் 9,000 கிராம். பெட்டியின் கொள்ளளவும் ஒன்பது லிட்டர்தான். அவளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண் அங்கே வந்து நிற்பதை ஒரு பிள்ளை தானே பார்க்கும்போது அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இவ்வளவு காலம் வகுப்பெடுத்தேன்.

கேள்விக்குறி தம்பி, நீங்கள் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி சரியில்லை. ஆழம் போனால் அடியில் அழுத்தம் கூடுவது உண்மை. மேலிருந்து அழுத்துவதும் அதே அளவு கூடும். வித்தியாசம் மாறாது. இரண்டு முழத்திலும் பத்து முழத்திலும் வாளி ஒரே எடைதான் காட்டும்.

---

வாடைக்காற்று எழுதியது:

ஐயா, வாளிக்கு அது சரி. மனுஷனுக்கு அப்படி இல்லை. எங்கள் தாத்தா மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். அந்தக் காலத்தில் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். முத்துக் குளித்தவர்களும் அப்படித்தான். தாத்தா சொல்வார்: "மேலே கடல் உன்னை வெளியே தள்ளும். நாலைந்து பாகம் இறங்கிவிட்டால் அதுவே உள்ளே இழுக்கும். ஏறுவதற்குத் தம் மிச்சம் வைத்துக்கொள்." தம்பி சொன்னதற்கு நேர் எதிர்.

---

கரும்பலகை எழுதியது:

உங்கள் தாத்தா சொன்னது முழுக்க உண்மை. நான் சொன்னதோடு அது முரண்படவும் இல்லை. வாளியின் இரும்பு சுருங்காது, நெஞ்சுக்குள் இருக்கும் காற்று சுருங்கும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. நுரையீரலில் ஆறு லிட்டர் காற்றோடு இறங்கியவருக்கு அங்கே அது மூன்று லிட்டர் ஆகிவிடும். உடம்பின் எடை மாறவில்லை, அது பிடிக்கும் இடம் மூன்று லிட்டர் குறைந்துவிட்டது. அதனால் தாங்கும் விசையில் மூன்று கிலோவுக்கு மேல் போய்விடும். இருபது மீட்டரில் காற்று மூன்றில் ஒரு பங்கு, முப்பதில் கால் பங்கு. மேலே மிதந்த உடம்பு கீழே கல்லைப்போல் இறங்குவது இதனால்தான்.

தாத்தா சொன்ன நாலைந்து பாகம் என்பது ஏழு முதல் ஒன்பது மீட்டர் வரும். கணக்கோடு நன்றாகவே பொருந்துகிறது.

---

வாடைக்காற்று எழுதியது:

அப்படியானால் களவா மீன் விஷயமும் இதுதான். ஆழத்திலிருந்து தூண்டிலில் ஏற்றும்போது வயிறு உப்பி, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கி வரும். திரும்பக் கடலில் விட்டாலும் உள்ளே போக முடியாமல் மேலேயே கிடக்கும். அதன் காற்றுப்பை கீழே சின்னதாக இருந்தது, மேலே வந்ததும் விரிந்துவிட்டது. சுறாவுக்கு அந்தப் பையே கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதற்கு மிதப்பு.

---

நாற்றங்கால் எழுதியது:

நாங்கள் இதை வருடாவருடம் செய்கிறோம். விதைநெல் தேர்வு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, புது முட்டை ஒன்றைப் போட்டால் அடிக்குப் போய்விடும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் ஒரு கட்டத்தில் முட்டை எழுந்து வரும். பழைய இருபத்தைந்து பைசா அளவுக்கு முட்டை வெளியே தெரிந்தால் கரைசல் தயார். அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மேலே வந்துவிடும். அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

வெறும் தண்ணீரில் போட்டாலும் பதர் மிதக்கும். ஆனால் முக்கால்வாசி நிறைந்த நெல் அதில் ஏமாற்றிவிடும். உப்புத் தண்ணீரில் தப்ப முடியாது. முட்டையை ஏன் வைக்கிறோம் என்று இத்தனை நாள் யோசித்ததில்லை. இந்த இழையைப் படித்தபோதுதான் புரிந்தது, முட்டை எங்களுக்குத் தராசு.

---

உப்பளம் எழுதியது:

நாற்றங்கால் அண்ணே, தூத்துக்குடிப் பக்கம் அளத்தில் எங்களுக்கு முட்டைக்குப் பதில் தண்ணீரின் கனத்தை டிகிரியில் காட்டுகிற கண்ணாடிக் குழல் (இது சூட்டு டிகிரி இல்லை). அடியில் ஈயக் குண்டு, மேலே கோடு போட்ட மெல்லிய தண்டு. கடல் தண்ணீரில் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டு, 25 டிகிரியைத் தொட்டால் உப்பு பூக்கத் தொடங்கும். அப்போது ஒரு லிட்டர் தண்ணீர் 1.2 கிலோவுக்கும் கொஞ்சம் கூட. தண்ணீர் கனக்கக் கனக்கக் குழல் மேலே எழும். குழலின் எடை மாறுவதில்லை, அதே எடையைத் தாங்க இந்தத் தண்ணீர் குறைந்த இடத்தைக் கொடுத்தால் போதும்.

உங்கள் புது முட்டை எழும்புகிற தண்ணீரில் எங்கள் குழல் பத்து, பதினொரு டிகிரி காட்டும்.

---

கிணற்றடி எழுதியது:

முட்டை பற்றி ஒரு சந்தேகம். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கிறதே, அது கெட்டுப்போய்க் காற்று உண்டாவதாலா?

---

கரும்பலகை எழுதியது:

பெரும்பாலும் அப்படி இல்லை அம்மா. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. நாள் ஆக ஆக உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும், அந்த இடத்தில் காற்று புகும். ஓட்டின் அளவு மாறாது, எடை மட்டும் குறையும். அதனால்தான் முதலில் தலை தூக்கி நிற்கும், பிறகு மிதக்கும். மிதக்கிற முட்டை பழையது என்று உறுதியாகச் சொல்லலாம், கெட்டது என்று சொல்ல முடியாது. உடைத்து மோந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

கறவைமாடு எழுதியது:

பால்மானியும் இதே வேலைதான். பசும்பால் தண்ணீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு கனம், தண்ணீர் கலந்தால் பால்மானி கூடுதலாக இறங்கும். ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. பாலாடை தண்ணீரைவிட லேசு. அதை எடுத்துவிட்டால் பால் கனக்கும், அப்புறம் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டினால் பால்மானி பழைய கோட்டிலேயே நிற்கும். கொழுப்பையும் தனியாக அளக்கிற இடத்தில்தான் இது பிடிபடும். கஷ்டப்பட்டு நல்ல பால் ஊற்றுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

---

மேல்தளம் எழுதியது:

சரக்குக் கப்பலில் இருபது வருடம் வேலை பார்த்தவன். உப்பளம் சொன்ன குழலும் கப்பலும் ஒன்றுதான். எங்கள் கப்பலே ஒரு பெரிய டிகிரிக் குழல்.

கப்பலின் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருக்கும். பக்கத்திலேயே ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். எல்லாவற்றுக்கும் மேலே வெப்பமண்டல நன்னீருக்கான கோடு, அதற்குக் கீழே சாதாரண நன்னீர், பிறகு வெப்பமண்டலக் கடல், கோடைக்காலக் கடல், குளிர்காலக் கடல், கடைசியாகக் குளிர்கால வட அட்லாண்டிக். எந்தத் தண்ணீரில் நிற்கிறோமோ அந்தக் கோடு முழுகக் கூடாது.

கணக்கு சொல்கிறேன். சரக்கோடு சேர்த்து 20,000 டன் இருக்கும் ஒரு கப்பல். அதை ஒரு சென்டிமீட்டர் இறக்க 25 டன் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் நீர் ஒரு கன மீட்டர் 1.025 டன். கடலில் அந்தக் கப்பல் சுமார் 19,500 கன மீட்டர் இடம் பிடித்தால் போதும். ஆற்றுக்குள் வந்தால் 20,000 கன மீட்டர் பிடிக்க வேண்டும். ஒரு மூட்டை கூட ஏற்றாமலே கப்பல் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஹூக்ளி ஆற்றில் ஏறிக் கொல்கத்தாவுக்குப் போகிற கப்பல் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். அங்கே அடியில் மணல் திட்டு, 20 சென்டிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆற்றுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது இதையே திருப்பிப் பார்ப்போம். கடலுக்குப் போனதும் எவ்வளவு எழும்பும் என்று தெரிந்துகொள்ள, கப்பல் பக்கத்தில் வாளி விட்டுத் தண்ணீர் மொண்டு அதன் அடர்த்தியை அளப்போம். அதுவும் கண்ணாடிக் குழல்தான்.

இந்தக் கோடு சும்மா வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் தாங்க முடியாத சுமை ஏற்றிய பழைய கப்பல்களில் மாலுமிகளை அனுப்பினார்கள். கப்பல் போனாலும் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் வரும், மாலுமி திரும்பி வர மாட்டான். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடி 1876-ல் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் கோட்டை எங்கே போடுவது என்பது முதலாளி கையிலேயே இருந்தது. இடத்தையும் சட்டமே முடிவு செய்ய மேலும் பல வருடம் ஆயிற்று. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நன்றி உணர்வு எனக்கு வரும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதை நானும் பள்ளியில் சூத்திரமாகப் படித்தேன். அது உயிரைக் காப்பாற்றும் என்று கப்பலின் பக்கவாட்டில் பார்த்த பிறகே தெரிந்தது.

---

ஏடு எழுதியது:

இங்கே ஒரு தமிழ்ச் செய்தியையும் சேர்க்கிறேன். இலக்கணத்தில் மொழிமாற்றுப் பொருள்கோள் என்று ஒன்று உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் பழைய பாட்டு "சுரை ஆழ அம்மி மிதப்ப" என்று தொடங்கும். ஒரு சுனையைப் பற்றியது. சுரைக்காய் ஆழ்கிறது, அம்மி மிதக்கிறது, யானைக்கு நீந்த வேண்டிய ஆழம், முயலுக்கு நிற்கிற ஆழம் என்று வரும். சொற்களை இடம் மாற்றி, சுரை மிதக்க அம்மி ஆழ, யானைக்கு நிலை முயலுக்கு நீத்து என்று பொருள் கொள்ள வேண்டும். கேட்கிற யாருக்கும் சுரை மிதக்கும், அம்மி ஆழும் என்று தெரிந்திருந்ததால்தான் இந்த எடுத்துக்காட்டே நிற்கிறது.

ஒரு கேள்வி: அம்மிக் கல்லை உண்மையிலேயே மிதக்க வைக்க முடியுமா?

---

மேல்தளம் எழுதியது:

முடியும். அம்மியைக் குடைந்து, சுவர் மெலிந்த தொட்டியாக்கிவிட்டால் மிதக்கும். கருங்கல் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு. தொட்டியின் வெளி அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கல் இருந்தால் கொஞ்சம் விளிம்பும் வெளியே நிற்கும். லம்போ என்ற பிரெஞ்சுக்காரர் 1848-ல் கம்பி வலைமேல் சிமெண்ட் பூசிப் படகே கட்டினார், 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். இரண்டு உலகப் போர்களின்போதும் எஃகு தட்டுப்பட்டதால் கான்கிரீட் கப்பல்கள் ஓடின.

---

வாடைக்காற்று எழுதியது:

கட்டுமரத்தையும் சொல்ல வேண்டும். அது கப்பலைப்போல் இல்லை. குழிவே கிடையாது. நாலைந்து லேசான மரங்களைச் சேர்த்துக் கட்டியது, மரமே மிதக்கிறது. அலை மேலே ஏறி வழிந்தாலும் தண்ணீர் நிற்க இடம் இல்லை, அதனால் மூழ்காது. வள்ளத்தில் தண்ணீர் புகுந்தால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மரம் தண்ணீரைக் குடிக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயப் போடுவார்கள். ஊறின மரம் கனத்துத் தாழ்ந்து ஓடும், வேகமும் போய்விடும்.

---

ஒகேனக்கல் பரிசல் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக. பரிசல் கரையோரச் சேற்றில் அமர்ந்துவிட்டால் நேராகத் தூக்கவே முடியாது, நாலு பேர் பிடித்தாலும் வராது. ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து அடியில் தண்ணீர் புகுந்ததும் தானாக எழுந்துவிடும். சுற்றியும் தண்ணீர் இருக்கும்போது ஏன் தாங்கவில்லை?

---

கரும்பலகை எழுதியது:

அந்தத் தள்ளல் வருவதே அடியிலிருந்துதான். பொருளுக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீர் இருந்தால்தான் அது கீழிருந்து அழுத்த முடியும். சேறு நெருக்கமாக ஒட்டிக்கொண்டால், நீங்கள் தூக்கும் அந்தக் கணத்தில் அடியில் ஒரு இடைவெளி உண்டாகப் பார்க்கும். அதை நிரப்பத் தண்ணீர் சேற்றுக்குள் புகுந்து வர நேரம் ஆகும். அதுவரை மேலே இருக்கும் தண்ணீரும் காற்றும் அழுத்துவதை எதிர்த்துத் தூக்க வேண்டும். சாய்ப்பதும் ஆட்டுவதும் தண்ணீருக்கு வழி விடுவதற்குத்தான். "அடியில் அழுத்தம், அதனால் மிதப்பு" என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இதை எழுதியதற்கு நன்றி.

---

கேள்விக்குறி எழுதியது:

ஐயா, நான் சொன்னதில் தவறு எங்கே என்று இப்போது புரிகிறது. இன்னொன்று. தங்கக் கிரீடத்தைத் தண்ணீரில் போட்டு வழிந்த தண்ணீரை அளந்துதான் ஆர்க்கிமிடீஸ் கலப்படத்தைக் கண்டுபிடித்தார் என்று படித்தோம். அது உண்மையா?

---

கரும்பலகை எழுதியது:

அந்தக் கதையை எழுதி வைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியர், ஆர்க்கிமிடீசுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிந்தியவர். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ சுத்தத் தங்கம் சுமார் 52 மில்லிலிட்டர் இடம் பிடிக்கும். முப்பது சதவீதம் வெள்ளி கலந்திருந்தால் சுமார் 65. வித்தியாசம் 13 மில்லிலிட்டர். கிரீடம் போகிற அளவுக்கு இருபது சென்டிமீட்டர் அகலமான பாத்திரத்தில் நீர்மட்டம் அரை மில்லிமீட்டர்கூட மாறாது. அதை அந்தக் காலத்தில் கண்ணால் அளப்பது கடினம். கலிலியோ 1586-ல் அந்த முறை துல்லியமில்லாதது என்று சொல்லி, ஆர்க்கிமிடீஸ் தண்ணீருக்குள் எடை பார்க்கும் தராசைப் பயன்படுத்தியிருப்பார் என்று எழுதினார். தராசின் ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் அதே எடைத் தங்கம் வைத்து இரண்டையும் தண்ணீரில் முக்கிப் பார்க்கலாம். கலப்படம் இருந்தால் தராசு சாயும், 13 கிராம் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். உங்கள் அக்காவின் வாளியும் தொங்கு தராசும் இருந்தால் இந்த முறையை வீட்டிலேயே செய்யலாம்.

---

கிணற்றடி எழுதியது:

செய்துவிட்டோம் ஐயா. பெட்டி நிறுக்கிற தொங்கு தராசைப் பக்கத்து வீட்டில் வாங்கி, மெல்லிய நைலான் கயிற்றில் வாளியைக் கட்டினோம்.

வெறும் வாளி வெளியே 1.6 கிலோ. நிறைந்து, தண்ணீருக்குள் முழுசாக இருக்கும்போது 1.4. கயிற்றை இன்னும் விட்டு அடிவரை இறக்கினோம், அப்போதும் 1.4. அவள் அதை மூன்று தடவை செய்து பார்த்தாள். மேலே வந்து வாளியின் வாய் வெளியே தெரிந்ததும் எண் ஏறத் தொடங்கியது. பாதி வெளியே வந்தபோது 6-க்குப் பக்கம், அடி வெளியே வந்தபோது 10.4. "அம்மா, திடீரென்று கனக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு மாறுகிறது" என்றாள். இத்தனை வருடம் இறைத்தும் நான் கவனிக்காதது.

இன்னொன்றும் தெரிந்தது. பிளாஸ்டிக் வாளி தண்ணீர் மொள்ளாமல் மேலேயே உருண்டுகொண்டிருக்கும். அம்மா அதன் விளிம்பில் ஒரு இரும்பு வளையத்தைக் கட்டி வைத்திருப்பார். பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசு, தானாக அமிழாது. இரும்பு வளையம் ஒரு பக்கத்தைச் சாய்த்துத் தண்ணீரை உள்ளே விடுகிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் ஊரில் கோடை விடுமுறையில் கிணற்றிலும் குட்டையிலும் பிள்ளைகள் போய்விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூழ்குகிறவர்கள் ஏன் கையைத் தூக்கும்போது இன்னும் உள்ளே போகிறார்கள் என்பதற்கும் இதே விளக்கமா?

---

கரும்பலகை எழுதியது:

ஆம் அம்மா. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர்களின் உடம்பு தண்ணீரைவிடக் கொஞ்சமே கொஞ்சம் லேசு. மிச்சம் இருக்கும் மிதப்பு ஓரிரண்டு கிலோதான். தலை மட்டுமே நாலைந்து கிலோ. ஒரு கை மூன்று கிலோ. இரண்டு கையையும் வெளியே தூக்கினால் அந்த ஆறு கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் விட்டுவிடுகிறது, தலை உள்ளே போகிறது. கத்தினால் காற்றும் வெளியே போய்விடும். கைகளைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, தலையைப் பின்னால் சாய்த்து, மல்லாந்து, மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்கும்படி கிடக்க வேண்டும். இதைக் கரையில் நின்று சொன்னால் போதாது, நீச்சல் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்து, இடுப்பளவுத் தண்ணீரில் பழக்க வேண்டும். கடல் நீரில் இது கொஞ்சம் எளிது, கிணற்றில் கடினம். கடலில் நீந்தத் தெரிந்தவர் கிணற்றிலும் அதே தைரியத்தோடு குதிக்கக் கூடாது.

---

நாற்றங்கால் எழுதியது:

எங்களுக்கு அப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் நீச்சல் பழக்கினார். ஐந்து லிட்டர் குடுக்கை, எடை கால் கிலோ சொச்சம். இந்தக் கணக்குப்படி நாலரை கிலோவுக்கு மேல் தாங்கியிருக்கிறது. தலையைத் தாங்க அது போதும்.

---

கிணற்றடி எழுதியது:

ஐயா, அவளிடமிருந்து இன்னொரு கேள்வி. தண்ணீர் வாளியை மேலே தள்ளுகிறது என்றால், வாளி தண்ணீரைக் கீழே தள்ளாதா? கிணற்றையே தராசில் வைத்தால் கூடுதலாகக் காட்டுமா?

---

கரும்பலகை எழுதியது:

காட்டும். சமையலறைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வையுங்கள். விரலை டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் மட்டும் விடச் சொல்லுங்கள். எண் ஏறும். எத்தனை கிராம் ஏறுகிறதோ அத்தனை மில்லிலிட்டர்தான் தண்ணீருக்குள் இருக்கும் விரலின் கன அளவு.

---

கிணற்றடி எழுதியது:

ஆள்காட்டி விரல் 11 கிராம். என்னுடையது 16. பெரிய பாத்திரத்தில் மணிக்கட்டு வரை முழுக் கை, அவளுக்கு 240. பிறகு ஒரு உருளைக்கிழங்கை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். வெளியே 130 கிராம், தண்ணீரில் தொங்கியபோது தராசு 120 ஏறியது. "அப்படியானால் நூலில் 10 கிராம்தான் மிச்சம்" என்று அவளே சொல்லி நூலை அறுத்துவிட்டாள். கிழங்கு அடிக்குப் போனது, தராசு 130-க்கு வந்தது. தோலோடு போட்ட ஆரஞ்சு மிதந்தது, தோல் உரித்ததும் மூழ்கியது. இப்போது கத்தரிக்காய் தராசில் இருக்கிறது. அது மிதப்பதால் அதை முழுசாக முக்க ஒரு ஊசி வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.